அரைப்பேர்

தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தறியாதவருக்கு 'அரைப்பேர்' என்னும் சொல்லின் கொடுமை எளிதில் விளங்காது. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மழையிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கிறாள் ஒரு பெண். மாலையில் மடுவத்திலே கொழுந்தை நிறுக்கிறார்கள். குறித்த நிறைக்குச் சற்றுக் குறைந்துவிட்டால், அன்று அவளுக்கு விழுவது அரைப்பேர். தோட்டத்திலே 'பேர்' என்பது ஒரு நாள் உழைப்பின் பதிவு. அவள் ஏறியது முழு மலை. உழைத்தது முழுப் பொழுது. செக்ரோலில் நிற்பதோ பாதி நாள்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மட்டுமா இப்படிக் கணக்கு எழுதுகிறார்? நமது சரித்திரக்காரரும் எழுதுகின்றனர். நினைவு விழா நடத்துவோரும் எழுதுகின்றனர். முற்போக்காளர் என்று மார்தட்டிக்கொள்ளும் நாமும் எழுதுகிறோம். இதற்குச் சான்றாக ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம்.

அவர் பெயர் மீனாட்சியம்மை. மலைநாட்டுத் தொழிலாளர் இயக்கம் முளைவிட்ட காலத்திலே பத்திரிகை நடத்தியவர், மேடையேறிப் பாடியவர், தாம் கட்டிய பாட்டுக்களைத் தம் பெயரிலேயே நூலாக வெளியிட்டவர். இத்தனையும் செய்தவரை நம்மவர் எவ்வாறு அறிமுகப்படுத்துகின்றனர்? 'நடேசய்யரின் துணைவியார்' என்று. அதற்குமேல் ஒரு வரி எழுத மனம் வந்தால், 'கணவரின் பணிகளுக்கு உறுதுணையாக நின்றவர்' என்று. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

கோ. நடேசய்யரின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. தஞ்சையிலே வணிகப் பாடம் கற்பித்து, 'வர்த்தகமித்திரன்' என்னும் ஏட்டை நடத்தியவர் அவர். துரைமாரின் அனுமதியின்றி வெளியார் எவரும் தோட்டத்துக்குள் கால்வைக்க இயலாதிருந்த காலத்தில், புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனில் நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். 1947இல் மறைந்தார். அவருக்கு முழுப்பேர் போட்டது நியாயமே. ஆனால் அதே மலையை அவரோடு சேர்ந்து ஏறியவருக்கு அரைப்பேர் போட்டது எந்த நியாயம்?

'தேசபக்தன்' 1929இல் நாளேடாக வெளிவந்தபோது அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் மீனாட்சியம்மை. இதை ஏதோ அலங்காரப் பதவியென்று எண்ணிவிடவேண்டாம். நாளேடு என்பது ஒரு தொழில்; அதுவும் பணத்தை விழுங்கும் தொழில். கடதாசிக்குக் காசு வேண்டும், எழுத்துக் கோப்போருக்குக் கூலி வேண்டும், சந்தா தண்டவேண்டும், அன்றன்று தபாலுக்குச் சேர்க்கவேண்டும். இன்று சோர்வாயிருக்கிறது, நாளை பார்த்துக்கொள்வோம் என்று படுத்துக்கொள்ள முடியாது. தோட்ட முதலாளிகளை எதிர்க்கும் ஏட்டுக்கு விளம்பரம் தரக் காத்திருக்கும் தனவந்தர் எத்தனை பேர்? இலாபம் தரும் தொழிலை நடத்துவது சாமர்த்தியமென்றால், இலாபமே தராத தொழிலை மக்களுக்காக நடத்துவதை என்னவென்பது?

இதனிலும் பெரிய சங்கடம் ஒன்றிருந்தது. தோட்ட மக்களிலே பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. வாசிக்கத் தெரியாத மக்களிடம் அச்சுத்தாளைக் கொண்டுபோய் என்ன செய்வது? மீனாட்சியம்மை அதைப் பாட்டாகக் கொண்டுபோனார். மக்களுக்குப் பழகிய மெட்டுக்களில் அவர்தம் துயரத்தையும் உரிமையையும் வைத்துக் கட்டினார். கூட்டங்களிலே தாமே பாடினார். பாட்டைக் கேட்கக் கூடியவர்கள் பேச்சையும் கேட்டார்கள். பேச்சு மறந்துபோயினும் பாட்டு லயத்துக்குத் திரும்பிச் சென்றது. 1939இல், அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிகளாயிருந்த இந்தியர்களை வெளியேற்ற அன்றைய அமைச்சர்கள் தீர்மானித்தனர். நாளை இக்கத்தி யார் கழுத்துக்கு வருமென்று உணர்ந்தவர் போல, இந்தியத் தமிழரின் அவலநிலையைப் பாடல்களாக்கி 1940இல் அவர் நூலாக வெளியிட்டார். எட்டே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. எச்சரித்தவரின் பெயரை நாம் எந்தப் பாடப்புத்தகத்தின் தலைப்பிலே வைத்தோம்?

இவ்விடத்தில் ஒரு கூட்டத்தார் குறுக்கிடுவர். "மனைவி கணவனுக்கு உதவுவது இயல்பு, அன்பினாற் செய்ததைக் கணக்குப் பார்ப்பது அழகா?" என்பர். மிக நல்லது. அன்பைக் கணக்குப் பார்க்கவேண்டாம், உழைப்பைப் பார்ப்போம். கணவனுடைய உழைப்பிலும் அன்பு இருந்ததல்லவா? அதை மட்டும் ஏன் ஆண்டு, தேதி, பதவி, பட்டம் என்று விடாமல் எழுதிவைத்தீர்கள்? ஆணின் உழைப்பு சரித்திரமாகவும் பெண்ணின் உழைப்பு குடும்பப் பாசமாகவும் மாறுவது எந்த இரசவாதத்தால்?

தொழில்துறையில் முன்னேறிய பெண்ணொருத்தி காலமானபோது வரும் இரங்கலுரைகளைப் பாருங்கள். 'தொழிலிலே சிறந்தவர், அதனினும் சிறந்த குடும்பத் தலைவி, இத்தனை வேலைகளுக்கிடையிலும் இல்லறத்தை மறவாத குலவிளக்கு' என்று எழுதுவர். கடை வைத்திருந்த ஆண் ஒருவர் காலமானால், 'இத்தனை வியாபாரத்துக்கிடையிலும் பிள்ளைகளுக்குச் சோறூட்ட மறவாதவர்' என்று யாரேனும் எழுதியதுண்டா? குடும்பத்தைக் காத்தது பெருமைதான். ஆனால், அப்பெருமையைக் காட்டி மற்றதை மறைப்பது பித்தலாட்டம்.

இதே மலைகளில் 'முன்னோடி' என்ற பட்டம் யாருக்குக் கிடைத்தது? 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலருக்குக் கிடைத்தது. 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டனுக்குக் கிடைத்தது. ஏக்கர் முதற்கொண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஏக்கர்களிலே கொழுந்து கிள்ளிய கைகளுக்குரியவர் பெயரென்ன? தேயிலைப் பெட்டியின் மேல் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் உலகமெல்லாம் போகிறது. முகம் விற்பனைக்கு உதவியது. பெயர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

கூலிக் கணக்குக்கு வருவோம். மீனாட்சியம்மை நாளேட்டின் ஆசிரியரான அதே 1929இல், இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். தேயிலையின் உயிர்நாடியான கொழுந்தைப் பெரும்பாலும் பறித்தவர் பெண்கள். ஆயினும் சட்டமே அவர்களுக்குப் 11 சதம் குறைத்து எழுதியது. இந்த வேற்றுமை ஒழிய 1984ஆம் ஆண்டும், அவ்வாண்டு நடந்த வேலைநிறுத்தமும் வேண்டியிருந்தன. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு பெண் பேர் பதிந்து, பேத்தியும் பேர் பதியும் காலம்.

அந்தக் குறைந்த கூலியேனும் அவள் கைக்கு வந்ததா? மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையெழுத்திட்டு வாங்குவது தோட்டங்களிலே நெடுங்கால வழக்கம். அவள் பறித்தாள், அவன் வாங்கினான், பெரும்பங்கு சாராயக் கடைக்குச் சென்ற வீடுகளும் உண்டு. துரை செய்தால் சுரண்டல், வீட்டுக்காரர் செய்தால் குடும்ப வழக்கமா? மீனாட்சியம்மையின் உழைப்பை நடேசய்யர் பெயரில் எழுதியதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அங்கே சம்பளப் புத்தகம். இங்கே சரித்திரப் புத்தகம்.

நம்மையும் சற்று நோக்குவோம். தோட்டத் தொழிற்சங்கங்களுக்குச் சந்தா செலுத்துவோரில் பெண்கள் பெருந்தொகையினர். சங்கங்களின் தலைமைப் பீடங்களிலோ ஆண்டாண்டுகளாக ஆண்களே அமர்ந்தனர். மாதர் பிரிவு என்றொன்றை வைத்து, மகளிர் தினத்தன்று பொன்னாடை போர்த்தி, 'மலையகத் தாயே' என்று விளித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணினோம். தாய் என்று கும்பிட்டவளை நிருவாகக் குழுவிலே உட்காரச் சொல்ல நமக்கு நா எழவில்லை. சமத்துவம் பேசும் நம் மேடைகளிலே இந்நிலையென்றால், துரைமாரை மட்டும் நொந்து என்ன பயன்?

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். காட்டுவழியில் பசியாலும் நோயாலும் விழுந்துபோன பெயரறியாதோருக்காக நடந்த நடை அது. வணங்கத்தக்கது. பெயர் தெரியாதவருக்கே இத்தனை தூரம் நடக்க நம்மால் முடியுமானால், பெயர் தெரிந்தவரின் பெயரைச் சொல்வது அத்தனை கடினமா?

ஆகவே, செய்யவேண்டியவை இவை. மீனாட்சியம்மையின் பாடல்களையும் எழுத்துக்களையும் திரட்டி, அவர் பெயரிலேயே பதிப்பித்து, மலைநாட்டுப் பள்ளிகளின் நூலகங்களில் வைக்கவேண்டும். அவரைப் பற்றி எழுதுவோர் முதல் வரியிலே 'பத்திரிகை ஆசிரியர், பாடலாசிரியர்' என்று எழுதட்டும். யாருடைய மனைவி என்பதைப் பின்னர் எழுதலாம். தோட்டத்துப் பெண்ணின் சம்பளம் அவள் கைக்கோ அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கோ மட்டுமே செல்லவேண்டும். எந்தக் கணவனும் அதில் ஒப்பமிடலாகாது. தொழிற்சங்க நிருவாகக் குழுக்களிலே, சந்தாப் பட்டியலில் பெண்கள் எத்தனை பங்கோ அத்தனை பங்கு ஆசனம் அவர்களுக்கு வேண்டும்.

இவற்றில் எதுவும் தருமமன்று, சலுகையுமன்று. பாக்கி. நெடுநாளாக நின்றுபோன பாக்கி. அடுத்த பெரட்டுக்கு முன்னராவது செக்ரோலைத் திருத்தி, அவளுக்கு முழுப்பேர் போடுங்கள்.