வெகுமதிக்கு ஓர் அகப்பை

விவசாயக் கண்காட்சிகளிலும் பயிர்ப் போட்டிகளிலும் வெற்றி பெற்றவர்களுக்குக் கோப்பையும் கேடயமும் வழங்குவது நெடுநாளைய வழக்கம். உழைத்தவனைச் சபையிலே நிறுத்திச் சிறப்பித்தல் நன்றேயாகும். ஆயினும், வழங்கப்படும் பொருள் யாது, அது யார் கைக்குச் சேர்கின்றது என்னும் இரண்டும் விவசாயப் பெருமக்களும் கிராம அலுவலர்களும் சற்றே நின்று யோசிக்கத் தக்கவை. பொன்முலாம் பூசிய பிளாஸ்டிக் கோப்பை இரண்டு மழைக்காலத்திற்குள் நிறம் மங்கி, அடிப்பலகை கழன்று, பரணுக்குப் போய்விடுகின்றது. அதற்குக் கொடுத்த பணமோ பட்டணத்துக் கடைக்குப் போய்விடுகின்றது. அதற்குப் பதிலாக, உள்ளூர்த் தச்சர் கையால் செதுக்கி, காம்பிலே வேலைப்பாடு செய்த மர அகப்பை ஒன்றை வெகுமதியாக அளித்தால் என்ன?

அகப்பையா என்று நகைப்பவர் உண்டு. அந்நகைப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவருக்குப் பெரும் புகழ் கிடைத்தது போலவே, கடைசியாகத் தேறியவருக்கு மாணவர்கள் மரக் கரண்டி ஒன்றைப் பரிகாசமாகக் கொடுத்து வந்தனர். பட்டமளிப்பு மண்டபத்தின் மேல்மாடியிலிருந்து கயிற்றில் கட்டி அவர் முன்னே அதை இறக்குவார்கள். 1899-இல் நம் நாட்டவராகிய ஆர். பி. பராஞ்சபே முதலிடம் பெற்றதும் இப்பரீட்சையிலேதான். கடைசி மரக் கரண்டி 1909-இல் ஹோல்ட்ஹவுஸ் என்னும் மாணவருக்குக் கிடைத்தது. அவர் படகு வலிப்பதில் வல்லவராதலால், துடுப்பின் அலகையே காம்பாக அமைத்து அதில் கிரேக்க மொழியில் வாசகமும் எழுதியிருந்தனர். மறு ஆண்டு முதல் வரிசை எண்ணைக் கைவிட்டு, அகர வரிசையில் முடிவுகளை வெளியிடலாயினர். கடைசி யார் என்பது தெரியாமற் போகவே கரண்டியும் நின்றது. இன்றும் ரக்பிப் பந்தயத்தில் கடைசி இடம் பெறும் அணிக்கு மரக் கரண்டி கிடைத்ததாகவே பத்திரிகைகள் எழுதுகின்றன.

இதில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. மரக் கரண்டி பெற்றவர் தோற்றவர் அல்லர். சிறப்புப் பட்டியலில் இடம் பெற்றவர்களுள் கடைசியானவர், அவ்வளவே. அப்பட்டியலுக்கு வெளியே சாதாரணத் தேர்ச்சி பெற்றவர்களும், பரீட்சைக்கே வராதவர்களும் எத்தனையோ பேர்.

நம் பயிர்ப் போட்டிகளின் நிலைமை யாது? ஆழ்குழாய்க் கிணறும் வண்டல் நிலமும் உடையவர் போட்டிக்கு வருகிறார். மானாவாரிக் கொல்லையும் களர் தட்டிய ஏரிப் பாசன வயலும் உடையவர் வருவதேயில்லை. வந்து பயன் என்ன என்பது அவர் கேள்வி, நியாயமான கேள்வியுங்கூட. மாநில அளவில் திருந்திய நெல் சாகுபடி முறையில் மிகுந்த மகசூல் கண்டவருக்கு சி. நாராயணசாமி நாயுடு பெயரால் ரூ.5 லட்சம் பரிசு குடியரசு தினத்தன்று வழங்கப்பட்டு வருகின்றது. அது உச்சத்தை எட்டியவருக்கு உரியது, அவ்வாறே இருக்கட்டும். தாலுகா அளவிலும் ஊராட்சி அளவிலும் அதே அளவுகோலைத் திரும்பவும் பிடிக்க வேண்டுவதில்லை. பன்னிரண்டு மூட்டை கண்ட நிலத்தில் பதினெட்டு மூட்டை காண்பதற்கு ஒருவன் செய்த யுக்தி, முப்பத்தைந்து மூட்டை காணும் நிலத்தில் முப்பத்தேழு கண்டவனுடைய யுக்தியைக் காட்டிலும் அயலாருக்கு அதிகம் பயன்படும். ஏனெனில் அயலாரில் பெரும்பாலோர் நிலம் முன்னதைப் போன்றதே. அவன் போட்டிக்கு வராவிடில் அந்த யுக்தி அவன் வரப்பைத் தாண்டுவதில்லை. ஆகவே அகப்பையை உயர்ந்த மகசூலுக்கு அன்றி, தன் நிலத்தின் பழைய நிலையிலிருந்து மிகுதியாக ஏறியவருக்கே கொடுத்தல் வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பழமொழி. சட்டியில் இல்லாதிருந்த இடத்தில் உண்டாக்கினவருக்கு அகப்பையைத் தவிர வேறெது பொருத்தம்?

இதற்கு ஆரணிப் பக்கம் மிகவும் ஏற்ற இடம். கமண்டல நாகநதி ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கின்றது. ஏரி நிரம்பினால் நெல், இன்றேல் மானாவாரி மணிலாக் கொட்டை என்பதே பல குடும்பங்களின் கணக்கு. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் பட்டுத் தறி ஓடுகின்றது. தறியென்றால் அதற்கு மரவேலையும் உண்டு. பட்டிழைக்கு இடறாமல் நாடாவை இழைத்துத் தேய்க்கத் தெரிந்த கைக்கு அகப்பை பெரிய காரியமன்று. மர ஏரும் கட்டை வண்டியும் போய் டிராக்டர் வந்தபின் கிராமத் தச்சருக்கு வேலை அருகிவிட்டது என்பது அனைவரும் அறிந்ததே. விசைத்தறி பெருகியதும் அவருக்கு நன்மையாய் அமையவில்லை. ஓர் ஊராட்சிக்கு ஆண்டுக்கு நான்கு அகப்பை என்பது அவருக்கு ஜீவனம் ஆகாது. ஆயினும் பரிசளிப்பு மேடையில் அவரையும் அழைத்து நிறுத்தி, இன்னார் செதுக்கியது என்று சொன்னால், அவர் மகன் அந்த உளியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை யோசிப்பான்.

மரத்தைப் பற்றிச் சில வார்த்தை. பூவரசு எல்லாவற்றிலும் சிறந்தது. நெருக்கமான இழையும் செம்மை கலந்த நிறமும் உடையது, எளிதில் வெடிக்காது, ஏரிக்கரையிலும் புழக்கடையிலும் தாராளமாக வளர்வது. வேம்பும் ஆகும். வெட்பாலை வெண்மையாய் தந்தம் போல் இருக்கும்; சன்னபட்டணத்து மரப்பொம்மைகள் அம்மரத்தாலேயே ஆனவை. எட்டி, தில்லை போன்ற நச்சு மரங்களை அகப்பைக்குத் தொடலாகாது. பட்டூருக்குப் பெருமை சேர்க்க விரும்புவோர் முசுக்கட்டையைக் கருதலாம். மல்பெரியைக் குற்றுச்செடியாகக் கவாத்து செய்யாமல் மரமாக வளர்த்தால் தண்டு திரளும். அதன் மரம் உறுதியும் வளையும் தன்மையும் உடையதாதலால் வடநாட்டில் ஹாக்கி மட்டைகளுக்கு உபயோகிக்கின்றனர். ஆரணித் தறிக்கு வேண்டிய கச்சாப் பட்டில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகின்றது. முசுக்கட்டை அகப்பையைக் கண்டு ஒரு விவசாயி அரை ஏக்கர் மல்பெரி நட்டால் அதுவும் லாபமே.

கிளையை நடுவே பிளந்து, நடுச்சோற்றை முழுவதும் நீக்க வேண்டும். அது இருந்தால் அகப்பை நிச்சயம் வெடிக்கும். ஈரம் உள்ளபோதே வாச்சியால் உருவம் கொடுத்து, வளைந்த வாயுடைய உளியால் குழியைத் தோண்டி, வைக்கோலில் பொதிந்து நிழலில் ஒரு மாதம் உலர்த்துக. வெயிலில் வைப்பது கூடாது. இழை காம்பின் நீளத்தோடு ஓட வேண்டும். குழியும் காம்பும் சேரும் கழுத்தில் குறுக்கிழை வந்தால் முதல் களிக் கிண்டலிலேயே ஒடியும். உலர்ந்தபின் பராய் இலையால் தேய்த்தால் உப்புத்தாள் தேவையில்லை. பராயும் முசுக்கட்டையும் ஒரே தாவரக் குடும்பம் என்பது கேட்போருக்கு வியப்பாயிருக்கும். வார்னிஷ் பூசற்க, உரிந்து சோற்றில் விழும். நல்லெண்ணெய் உலராது, நாளடைவில் சிக்கு நாற்றம் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயே மரத்தினுள் உலர்ந்து இறுகும்.

காம்பின் வேலைப்பாடு தச்சர் இஷ்டம். ஆயினும் சேலைக் கரையில் காணும் மாங்காயும் அன்னமும் ருத்திராட்சமும் காம்பில் ஏறினால் ஊர் அடையாளமாகும். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில் இளைஞர் தாம் விரும்பிய பெண்ணுக்கு ஒரே மரத்துண்டில் சங்கிலியும் கூட்டுக்குள் உருளும் குண்டும் வரச் செதுக்கிய கரண்டிகளைக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. 1667 என்று ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று கார்டிப் நகரருகே அருங்காட்சியகத்தில் உள்ளது. கேலிக்குக் கொடுத்த கரண்டியையும் காதலுக்குக் கொடுத்த கரண்டியையும் செய்தது ஒரே மரந்தான். கொடுப்பவர் எண்ணமே அதன் மதிப்பு. குழியை மட்டும் வேலைப்பாடின்றி விடுக; அகப்பை சமையலுக்கும் உதவ வேண்டும், சுவரில் தொங்குவதற்கு மட்டும் அன்று.

முன்னேற்றத்தை அளப்பது எவ்வாறு என்பர். இதற்குத்தான் கிராம அலுவலர்களின் ஒத்தாசை வேண்டும். முன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் புலத்தில் என்ன பயிர் இருந்தது என்பது அடங்கலில் உண்டு. மகசூலுக்கு நெல் அறுவடைப் பரிசோதனையில் வழக்கமாய் உள்ள 5 மீட்டர் சதுரத்தை அளந்து அறுத்து, ஊரார் முன்னிலையில் எடை போட்டு, மூன்று ஆண்டு தொடர்ந்து ஒரு நோட்டில் எழுதிவரின் வழக்குக்கு இடமில்லை. செலவையும் எழுத வேண்டும். பத்து மூட்டை உரம் கொட்டி ஆறு மூட்டை அதிகம் கண்டவர் ஏறியவர் ஆகார். ரொக்கப் பரிசு கொடுக்க வசதியுள்ள ஊராட்சி அதையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அகப்பை அதற்குத் தடையன்று.

தை அறுவடைக்குப் பின் பரிசளிக்க எண்ணுவோர் ஆடி மாதத்திலேயே தச்சரிடம் மரத்தை ஒப்படைத்துவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரம் உலராது, பூசணமும் பிடிக்கும்.