ரத்த வங்கிக்கு முன்னால் ஒரு பி.டி. மாஸ்டர்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்க டாக்டர் சார்லஸ் ட்ரூ பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ரத்த வங்கிக்கு வழிகாட்டிய அந்தக் கறுப்பினத்தவருக்கே, விபத்தில் அடிபட்டபோது ரத்தம் ஏற்ற மறுத்துவிட்டார்களாம். படித்தால் மனம் கொதிக்கும். ஆனால் அது நடக்கவில்லை. 1950 ஏப்ரல் 1 காலை, வட கரோலினாவில் அவர் ஓட்டிய கார் கவிழ்ந்தது. பக்கத்து மருத்துவமனையில் வெள்ளைக்கார டாக்டர்கள் அவரைக் காப்பாற்றப் போராடினார்கள். உடன் சென்ற கறுப்பின டாக்டர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு வயது 45தான்.

அநியாயத்துக்குப் பொய் தேவையே இல்லை. யுத்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர்களின் ரத்தமே வேண்டாம் என்றது. 1942 முதல் வாங்கினாலும் தனியாகப் பிரித்து வைத்தது. இதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகச் சொன்னார். அவர் இறந்த அதே ஆண்டு டிசம்பரில், அதே மாநிலத்தில், கறுப்பர்களுக்கான படுக்கை காலியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கல்லூரி மாணவன் உயிரை விட்டான். வதந்தி ஒட்டிக்கொண்டதில் வியப்பென்ன?

அந்த வதந்தி மறைத்துவிட்ட வேறொன்றைச் சொல்லத்தான் வந்தேன். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ட்ரூ பெயர் பெற்றது கால்பந்திலும் ஓட்டத்திலும். (அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது இல்லை.) 1926இல் பட்டம் வாங்கினார், மருத்துவம் படிக்கப் பணமில்லை. பால்டிமோரில் மோர்கன் கல்லூரியில் இரண்டு வருடம் விளையாட்டு இயக்குநராக இருந்தார். உயிரியலும் வேதியியலும் நடத்தினார். நம்மூர்க் கணக்கில் பி.டி. மாஸ்டரும் அவரே, சயின்ஸ் சாரும் அவரே.

பிறகு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தார். ஆங்கிலப் பாடத்தில் போதிய கிரெடிட் இல்லை என்று சேர்க்கவில்லை. கனடாவின் மெக்கில் சேர்த்துக்கொண்டது. 1933இல் 137 பேரில் இரண்டாவதாகத் தேறினார். அவரைச் சேர்க்க மறுத்த அதே ஹோவர்டில் 1941இல் அறுவை சிகிச்சைத் துறைக்கே தலைவரானார்!

ரத்தப் பிளாஸ்மாவைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பியது பெரிய காரியம்தான். என் பார்வையில் அதைவிடப் பெரியது ஹோவர்டில் அவர் செய்தது. கறுப்பின இளைஞர்கள் அறுவை சிகிச்சை கற்க அன்று இடமே மிகக் குறைவு. அவர்களைச் சேர்த்து, நாட்டின் எந்த டாக்டரோடும் போட்டி போடும் அளவுக்குத் தயார் செய்தார். அவருடைய முதல் அணி 1948இல் தேசிய வாரியத் தேர்வு எழுதியது. முதலிரண்டு இடமும் அவர்களுக்கே. அணி என்றே எழுதுகிறேன், ஏனென்றால் அது ஒரு கோச்சின் வேலை. பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வாட்ச் பார்ப்பவரைச் சொல்லவில்லை.

"விளையாட்டை விட்டதால்தானே டாக்டரானார்?" என்று சிலர் கேட்பீர்கள். விடவே இல்லை. மெக்கிலிலும் ஓடினார், தடகள அணிக்குக் கேப்டனாகவும் இருந்தார்.

தொடக்கப் பள்ளியில் கணக்கும் டிரில்லும் ஒரே ஆசிரியர்தான் எடுப்போம். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தோற்றபின் மறுநாள் மைதானத்துக்கு வருகிற பிள்ளை, தப்பான கணக்கையும் மறுபடி போட்டுப் பார்க்கும். பி.டி. பீரியடைப் பிடுங்கி கணக்குக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது, நானே கணக்கு எடுத்தவள் என்றாலும்.

நம் உறவில் பத்தாம் வகுப்பு போகிற ஒரு பெண்ணின் கோ-கோ பயிற்சியை ஜூனிலிருந்து நிறுத்தப்போவதாகக் காதில் விழுந்தது. பெயர் சொல்லவில்லை, அவள் அப்பாவுக்குப் புரியும். தம்பி, டியூஷனை ஆறரைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருப்பா. அந்த மாஸ்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சொல்லு, கணக்கை நானே சொல்லித் தருகிறேன்.