கடற்கரைக் கூட்டமும் சுரபிக் கரையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சமுத்திரம் என்பது அநேகமாகப் பிறர் சொல்லக் கேட்ட விஷயம். இரு புறமும் மலைகள் அணைத்து நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் அந்தப் பூமியில், நீராடுவதென்றால் சுருளி அருவி, இல்லாவிட்டால் குச்சனூர்ச் சுரபி நதி. அலையும் உப்புக்காற்றும் எப்படியிருக்கும் என்பதை இராமேசுவர யாத்திரை போய்வந்த பாட்டிமார் வாயால் அறிந்துகொள்வதோடு சரி. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் பிழைப்பை உத்தேசித்துச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தபின், விடுமுறை நாளில் செய்ய விரும்பும் முதற்காரியங்களுள் ஒன்று, ஜமக்காளமும் புளியோதரையும் சகிதமாக ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் புறப்படுவதுதான்.

அந்தக் கடற்கரை அழகிற் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். அலை என்று சொல்லத்தக்க அலை கிடையாது. அடிவானம் நெடுக நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. காலுக்கடியில் உள்ள மண்கூட இயற்கை தந்ததன்று, 1966-ஆம் ஆண்டு தொடங்கிக் கடலைத் தூர்த்து அரசாங்கத்தார் உண்டாக்கியது. எனினும் சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கரையில், பொது விடுமுறையன்று, கூடாரமடித்த மலாய்க் குடும்பங்களும், தூண்டிலோடு வந்த சீனக் கிழவர்களும், வாடகைச் சைக்கிளில் விரையும் சிறுவர்களும், வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைத்த நம் நாட்டுத் தொழிலாளிகளுமாக, எள் போட்டால் எள் விழாத நெரிசல். அந்த நெரிசலுக்கிடையே, குளித்துக் கரையேறிய ஒரு தமிழ்த் தாய், உடம்பெல்லாம் மணல் அப்பிய குழந்தையைக் கையிற் பிடித்து நடத்திக்கொண்டு போகிறாள். நாலு எட்டில் தண்ணீர்க் குழாய், அதற்கப்பால் கழிப்பறை, திரும்பி வரும் வழியில் கையிலிருக்கும் எச்சில் தட்டைப் போடத் தொட்டி. அவளுக்கு அங்கே யாரும் நாகரிகம் போதிக்கவில்லை. அவள் நடக்கிற பாதையிலேயே எல்லாம் வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தகைய கரைகளில் பொழுது போக்கிவிட்டு ஊர் திரும்பும் நம் பிள்ளைகளிற் சிலர், ஆடிச் சனிக்கிழமையில் குச்சனூர்ச் சனீஸ்வரரைத் தரிசிக்க வந்து, சுரபி நதிக்கரையில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, “நம் ஜனங்களுக்கு ஒழுங்கே வராது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கேட்கச் சகிக்கவில்லை. அங்கே கடற்கரையில் கூட்டமாயிருந்தவர்கள் யார்? இவர்களும் இவர்களைப் போன்றவர்களுந்தாமே! விமானம் ஏறினால் வந்துவிடுகிற ஒழுங்கு, விமானம் இறங்கியதும் போய்விடுமானால், அது மனிதரின் பிறவிக் குணமாக எப்படி இருக்க முடியும்?

சிங்கப்பூரும் பிறக்கும்போதே துடைத்து வைத்ததுபோல் பிறந்துவிடவில்லை. ஊரைத் துப்புரவாக வைப்பதற்கென்று 1968-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ஓர் இயக்கத்தைத் தொடங்கிவைக்க வேண்டியிருந்தது. அபராதம் விதிக்கும் சட்டம் வேண்டியிருந்தது. இன்றைக்கும் அங்கே குப்பை பெருக்குகிறவர்கள் ஒருநாள் வராதிருந்தால் என்ன ஆகும் என்று அந்நாட்டவரே தம்மைத் தாம் பரிகாசம் செய்துகொள்வதுண்டு. விடிவதற்குள் முந்தின நாள் கூட்டத்தின் சுவடே தெரியாமல் கரை பெருக்கப்பட்டுவிடுவதன் ரகசியம், ஜனங்களின் உத்தமகுணம் மட்டுமன்று. சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்கள்.

இனிச் சுரபிக்கு வருவோம். ஜூன் மாதத்தில் முதற்போகத்துக்காகப் பெரியாறு அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே பள்ளத்தாக்கில் இறங்கி, 14,707 ஏக்கர் நெல்வயலுக்குப் பாய்கிறது. மேற்கே அரபிக் கடலுக்குப் போகவேண்டிய ஆற்றை 1895-இல் பொறியாளர் பென்னி குயிக் கட்டி முடித்த அணை கிழக்கே திருப்பியதால்தான், ஆடியில் குச்சனூருக்கு வருகிறவர்கள் நனையத் தண்ணீர் இருக்கிறது. வந்தவர்கள் முழுகி எழுந்து, எள் தீபம் ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்து, பஸ் ஏறிப் போய்விடுவார்கள். ஈரச் சேலையோடு கரையேறும் ஸ்திரீகள், ஒருத்தி துணியைத் திரையாகப் பிடிக்க மற்றொருத்தி உடை மாற்றிக்கொள்கிற காட்சியை நாம் இன்னும் எத்தனை ஆடிக்குப் பார்த்துக்கொண்டிருப்பது? சனி தோஷம் நீங்க முழுகுவோர் உடுத்திய துணியை நீரிலேயே விட்டுவிடும் வழக்கம் சனி தலங்களில் உண்டு. பக்தியைக் குறைசொல்வது என் நோக்கமன்று. துணியை இடுவதற்குப் படித்துறையருகே ஒரு பெரிய தொட்டி இருந்தால், தோஷம் அதிலும் தங்கிவிடும் என்றே நம்புகிறேன்.

நம்மால் ஆகாது என்பதும் வீண்பேச்சு. காணும் பொங்கலன்று மெரினாவில் திரளும் ஜனசமுத்திரத்தில் குழந்தைகள் தொலையாமலிருக்க, பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைச் சிறுவர்களின் மணிக்கட்டில் போலீஸாரே கட்டிவிடுகிறார்கள். யாரும் கடலில் இறங்காமலிருக்கத் தடுப்புக் கட்டைகளும் கட்டுகிறார்கள். இவ்வளவு எளிய யுக்தியால் எத்தனை தாய்மாரின் கலக்கம் தவிர்ந்தது! தலைநகரத்தில் முடிகிற காரியம், தேனி ஜில்லாவின் ஒரு பேரூராட்சியில் முடியாமற்போக நியாயமில்லை. கூட்டம் எப்போது வரும் என்பது சோதிடம் பார்த்துச் சொல்லவேண்டியதன்று, பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ஆனி முடிவதற்குள் நிலையான உடைமாற்றும் அறைகள், போதிய கழிப்பறைகள், ஆழம் குறித்த கயிறுகள், சனி இரவிலேயே கரையைப் பெருக்க ஆட்கள், அவர்களுக்கு நியாயமான கூலி: கேட்பது இவ்வளவே. உண்டியலில் விழும் காசில் ஒரு பங்கை ஆற்றுக்கென்று ஒதுக்குவதில் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கரையில் நின்று ஜனங்களைக் கடிந்துகொள்ளும் அந்த அரைமணி நேரத்தில், நீங்கள் வெளிநாட்டுக் கரையில் கண்ட குழாய், தொட்டி, அறை முதலியவற்றை ஒரு மனுவாக எழுதிப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். மறு ஆடிக்கு வரும்போது அதற்கு என்ன பதில் என்று நேரில் போய்க் கேளுங்கள்.