பணம் கஜானாவில், பிள்ளை கரையில்!

எக்கியார்குப்பம் என்ற பெயரை ஊர் உலகம் தெரிந்துகொண்டது 2023 மே மாதத்தில். மரக்காணம் பக்கத்திலுள்ள அந்த மீனவர் குப்பத்தில் விஷச்சாராயம் குடித்து ஒரு டஜனுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மந்திரிகள் வந்தார்கள், கார்கள் வரிசை கட்டின. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அறிவிப்பும் வந்தது.

செத்தால் பணம் தேடி வருகிறது. படிக்கப் போகும் பிள்ளைக்கு உரிய பணமோ, நாம் தேடிப் போனால்தான் கிடைக்கிறது. தேடிப் போகும் வழிதான் பலருக்குத் தெரியவில்லை.

பிளஸ்-2 ரிசல்ட் வருவது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுக்குக் கூலியாகப் போகிறவர் வீட்டில் உலை கொதிப்பதே பெரும்பாடு. சரியாக அந்த நேரம் பார்த்து வருகிறான் புரோக்கர்! கையில் வழவழப்பான காலேஜ் நோட்டீஸ். "சீட்டு தீர்ந்துபோகும், இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க" என்கிறான். தாலி அடகுக்குப் போகிறது.

அவன் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அது நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை, கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவருக்குத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. என்ஜினீயரிங், விவசாயம், சட்டம், மீன்வளப் படிப்புக்குக்கூட 2021-ல் வந்துவிட்டது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசுடையது. மீனவர் வீட்டுப் பிள்ளை மீன்வளம் படிக்க ஒரு பைசா வேண்டாம் ஐயா! நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் அந்த வாசல் மூடிப்போகிறது.

பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இதற்கு மனு போடுவது கல்லூரி மூலமாக. பணம் மாணவரின் பாங்கிக் கணக்குக்கே நேராக வரும். ஆதார் எண் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தடையில்லை. இது தெரியாமல் 'ஒன்றுதான் கிடைக்கும்' என்று சும்மா இருப்பவர்கள் உண்டு.

ஸ்காலர்ஷிப் கதை வேறு. மிகப் பிற்பட்டோர், பிற்பட்டோர், ஆதிதிராவிடருக்கான பல ஸ்காலர்ஷிப்புகளுக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று சர்ட்டிபிகேட் வேண்டும். உப்பளத்தில் வெயிலில் வெந்து வாருகிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? ஐப்பசி மழை வந்தால் பாத்தி மூழ்கி வேலையே நின்றுபோகும். "வருஷ வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் அந்த அம்மா என்னத்தைச் சொல்வார்? இ-சேவை மையத்தில் கட்டணம் வெறும் 60 ரூபாய்தான். ஆனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று நடக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு! முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட்டுக்கும் இதே நடைதான். கவுன்சிலிங் தேதியோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

பாங்கிக் கடன் கேட்டுப் போனால் "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்பது முதல் கேள்வி. 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி. வித்யாலட்சுமி இணையதளத்தில் மனுவைப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பித் திரும்பாதீர்கள்.

விழுப்புரம் கலெக்டருக்கு நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. பிளஸ்-2 ரிசல்ட் வந்த வாரமே வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் எக்கியார்குப்பத்தில் மேசை போட்டு உட்காரட்டும். பக்கத்தில் ஒரு பாங்கி அதிகாரி, திண்டிவனம் அரசுக் கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார். மரக்காணம் போலீசாரும் ஒரு கண் வைக்கட்டும். நோட்டீசும் ரசீது புத்தகமுமாகத் திரிகிறவர்களிடம், எந்தக் கல்லூரி அனுப்பியது, வாங்கிய அட்வான்ஸ் எங்கே என்று இரண்டு கேள்வி கேட்கட்டும்.