பெயர் தெரியாத பூக்கள்



என் ராத்தா சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு பழைய வீட்டிற்குக் குடிபுகுந்தார்கள். அப்பொழுது கொல்லை வெறுந்தரையாகக் கிடந்தது. ஐப்பசி மழை விழுந்ததும் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் யாரும் நடாத செடிகள் தலைதூக்கின. முன்பு குடியிருந்தவர்கள் வைத்துச் சென்றவை. கோடையில் மண்ணுக்குள் உறங்கி, மழையில் விழித்துக்கொள்ளும் பல்லாண்டுச் செடிகள். பூக்கட்டும், பிறகு பெயரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று ராத்தாவும் விட்டுவிட்டார்கள். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தானே செய்கிறோம்!

பூக்கும்வரை காத்திருக்க அவர்களின் பேரன் விடவில்லை. வேலியோரம் மண்ணைக் கிளறி, பழுப்புத் தோலும் வெண்ணிறச் சதையுமாக ஒரு கிழங்கைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தான். “சீனிக்கிழங்குதான், அவித்துவிடு” என்றார்களாம் ராத்தாவின் மாமியார். அன்று தற்செயலாக நானும் அங்கே போயிருந்தேன். அந்தக் கிழங்கின் வடிவம் எனக்கு ஐயத்தைத் தந்தது. ஏர்க்கலப்பையைப் போல இரண்டாகக் கவைத்திருந்தது.

வேலிக்குச் சென்று கொடியைப் பார்த்தேன். சீனிக்கிழங்கின் இலைக்கு நீண்ட காம்பு உண்டு. கிள்ளினால் பால் வடியும். கொடி தரையில் படரும். இந்தக் கொடியோ வேலியைப் பற்றி மேலேறியிருந்தது. இலைக்குக் காம்பில்லை. நரம்புகள் நெல்லின் இலையில் உள்ளதுபோல் நீளவாக்கில் ஓடின. இலையின் நுனி சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பற்றியிருந்தது. இலை நுனியே பற்றுக்கம்பியாக மாறும் இந்த அடையாளம் ஒன்று போதும். அது செங்காந்தள், கார்த்திகைப் பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்பனவும் அதன் பெயர்களே. நம் தமிழ்நாட்டின் மாநில மலர் அது.

அதன் பூவைப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஆறு இதழ்களும் விளிம்பு நெளிந்து பின்னோக்கி மடிந்து நிற்கும். பச்சையாகத் தொடங்கி மஞ்சளாகி, தீப்போல் சிவக்கும். ஆனால், செடி முழுவதும் நஞ்சு. கிழங்கில் அது மிகுதி. கால்ச்சிசின் என்னும் அந்த நஞ்சு அவித்தாலும் அழியாது. உண்ட சில மணி நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு உண்டாகும்; பின்னர் உள்ளுறுப்புகளும் பழுதடையலாம். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டுவதுண்டு. இலங்கையில் இதனைச் சர்க்கரைவள்ளி என எண்ணி உண்டு உயிரிழந்தோர் உண்டு. இதே கால்ச்சிசின்தான் மருத்துவர் கையில், அளவோடு, மூட்டுவாதத்திற்கு மருந்தாகிறது. அதற்காகவே திண்டுக்கல், கரூர்ப் பகுதிகளில் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள்.

கிணற்றடியில் முளைத்தது வேறு. வெங்காயத்தாள் போன்ற இலை, மண்ணுக்குள் சிறு வெங்காயம் போன்ற பூண்டு. இலையைக் கசக்கி முகர்ந்தேன். வெங்காய வாசனை துளியும் இல்லை. மழை பெய்த சில நாளில் ஒரே தண்டில் ஒரே பூவாக இளஞ்சிவப்பில் பூத்தது. மழை லில்லி! அழகுக்கு வைக்கலாம், வாயில் வைக்கலாகாது.

இவ்விரண்டிலும் பூவுக்கு முன்பே இலையும் கிழங்கும் பெயரைச் சொல்லிவிட்டதைக் கவனித்தீர்களா? பூ சில நாள் விருந்தாளி. இலை காம்புடையதா, எதிரெதிராக அமைந்ததா, நரம்பு எப்படி ஓடுகிறது, கிள்ளினால் பால் வருகிறதா, மண்ணுக்குள் இருப்பது வேரா கிழங்கா என்று பாருங்கள். பால் வடியும் செடியைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். இலையும் பூவும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளின் நடுவே வைத்து, கனமான புத்தகத்தால் அழுத்திக் காயவையுங்கள். பறித்த நாளையும் இடத்தையும் எழுதிவையுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல நிலையமும் இருக்கிறது. இப்பொழுது கைப்பேசியில் படமெடுத்தால் அதுவே ஒரு பெயரைக் காட்டுகிறது. பெயரைத் தேடத் தொடங்க அது உதவும். அதை நம்பி எதையும் சட்டியில் போடாதீர்கள்.

யாரேனும் தெரியாத கிழங்கையோ விதையையோ தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்த வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தின்றதில் எஞ்சியதையும் செடியின் ஒரு துண்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

பேரன் சிறுவன் என்பதால் செங்காந்தளை அகற்றிவிடச் சொன்னேன். ராத்தாவுக்கு மனமில்லை. கடைசியில் கிழங்கை ஒன்றுவிடாமல் தோண்டி, தொட்டியில் நட்டு, பூட்டு உள்ள மொட்டை மாடியில் வைத்திருக்கிறார்கள். தொட்டியின் மேல் ‘நஞ்சு’ என்று சிவப்புச் சாயத்தில் எழுதியவர் அந்த மாமியார்தாம்.