எந்தச் சர்க்கரை நோய் என்று முதலில் சொல்லுங்கள்

சர்க்கரை நோயை மருந்தின்றி விரட்டலாம் என்னும் விளம்பரங்கள், எந்த வகை என்று சொல்வதே இல்லை. ஆபத்து அங்கேதான். இரண்டாம் வகையில் கணையம் இன்சுலின் சுரக்கிறது, உடல்தான் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. உணவுக் கட்டுப்பாடு, நடை, மெட்ஃபார்மின் மாத்திரை என்று சமாளிக்கலாம். எடையைக் கணிசமாகக் குறைத்தவர்களில் சிலர் மாத்திரையையே நிறுத்தியிருக்கிறார்கள். முதல் வகை வேறு. பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும் அதில், உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. 1922இல் டொரன்டோவில் இன்சுலின் ஊசி பயன்பாட்டுக்கு வரும்வரை அந்தக் குழந்தைகள் பிழைப்பது அரிது. இன்றும் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போகலாம். கஷாயம் அதற்கு ஈடாகாது.

ஊசி பழக்கமாகிவிடுமே என்று பெற்றோர் அஞ்சுவது புரிகிறது. ஆனால் உடல் தானே சுரக்க வேண்டியதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். மூச்சுக்காற்றை யாரும் கெட்ட பழக்கம் என்பதில்லை. முதல் வகையினர் சொற்பம்தானே என்பார்கள். நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு; அதில் சொற்பம் என்பதே லட்சங்களில் வரும். இந்நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதைச் செயல்படுத்தத்தான் ஆளில்லை.