பொங்கல் மேடையில் அரை மணி நேரம்

நம் சங்கத்தில் பொங்கல் விழா என்றால் இன்னிசைக் கச்சேரி. கச்சேரி என்றால் சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது மட்டுமே பாட்டு என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த குழு. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை அடிப்பவர்கள், கிடார் வாசிப்பவர்கள் ஒன்றாகக் கூடி, தங்கள் பாட்டைத் தாங்களே உண்டாக்கினார்கள். அவர்களில் ஒருவரான இசைவாணி 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்தது. பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு நம் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1914-ல் காலமானார். அவருடைய 'தமிழன்' இதழை 1926-ல் மீண்டும் தொடங்கி இங்கிருந்தே நடத்தியவர் அப்பாதுரையார். ஆக, அந்த மேடைக்கு நம் தங்கவயலிலும் ஒரு வேர் உண்டு.

2001-ல் சுரங்கம் மூடியபின் நம் இளைஞர்கள் பலர் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய் இரவில்தான் திரும்புகிறார்கள். மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அன்று நாலு நண்பர்கள் கூடிப் பாட இடம் ஏது? வீட்டில் வாசித்தால் சத்தம் என்கிறோம். மேடை கேட்டால், "பறையும் கானாவும் சாவு வீட்டுச் சமாசாரம்" என்கிறார்கள் சில பெரியவர்கள். அழுத வீட்டில் துணை நின்ற வாத்தியத்தைச் சிரிக்கும் வீட்டில் ஒதுக்குவது என்ன நியாயம்?

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. மறு ஆண்டே அதில் யார் பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை பொதுவில் எழுந்தது. ரயில்வேயில் பத்துப் பேர் சேர்ந்து செய்த வேலைக்கும் பதிவேடு உண்டு. வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று அன்றன்றே எழுதி வையுங்கள். அதனால் நட்பு குறையாது, நிலைக்கும்.

நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு: ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் சங்கக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். வரும் பொங்கலுக்கு அரை மணி நேரம், சொந்தப் பாட்டுக்கு மட்டும், ஒதுக்குங்கள். நாம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்போம்.